ராணியம்மாள் அடுக்கிய புத்தகம்

"கால்நீட்டி எங்க போனா? ஆங்... இந்தா கீறா. அடுத்தது குவளை. அதுக்கப்புறம் பிறை."

ராணியம்மாளுக்கு வலது கைச் சுட்டுவிரல் ஒன்றுதான் வேலை செய்யும். அது கம்ப்யூட்டர் பலகைக்கு ஒரு சாண் மேலே பருந்து மாதிரி வட்டமடிக்கும். வேண்டிய எழுத்து கண்ணில் பட்டதும் விர்ரென்று இறங்கி ஒரு கொத்து. மறுபடி மேலே போய்விடும். இடது கை மடியில் சும்மா கிடக்கும். பக்கத்து இருக்கையில் கல்லூரிப் பெண்கள் பத்து விரலாலும் மழை பெய்வது போலத் தட்டுவார்கள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "அவுங்க அரிசி பொடைக்கறாங்க. நான் கல்லு பொறுக்கறேன்" என்பார்.

இங்கிலீஷ் எழுத்துகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் அவருடைய சொந்தப் பெயர்கள். எல் என்பவள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். யூ குவளை. சி பிறை. ஈ சீப்பு. ஏ ஏணி. டி ஆணி. பி மாசமாக இருப்பவள். எஸ் நாகம், அதைத் தட்டும்போது மட்டும் விரல் கொஞ்சம் மரியாதையாக இறங்கும். பலகையில் இருக்கும் எழுத்து ஒரு மாதிரியும் திரையில் வரும் எழுத்து ஒரு மாதிரியும் இருப்பது ஆரம்பத்தில் அவருக்குப் பெரிய பேஜாராக இருந்தது. பலகையில் காலை நீட்டியவள் திரையில் வெறும் குச்சி. பிறகு அவரே சமாதானம் செய்துகொண்டார். "வூட்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு இல்லியா, அந்த மாதிரி."

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வலது கைப் பக்கம் அந்தக் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பைண்டிங் மெஷின், நான்கு கம்ப்யூட்டர். முதலாளி மூர்த்தி வாரத்தில் ஒருநாள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ராணியம்மாள் ராஜ்ஜியம்தான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்பு வரை படித்து, அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டவர். தொண்ணூற்றுநாலில் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதும் வந்து சேர்ந்தார். நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, ஜாதகம் என்று பத்து வருஷம் நகல் எடுத்த பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பயந்து ஓடிவிடுவார் என்று மூர்த்தி நினைத்தார். ராணியம்மாளோ நான்கு கம்ப்யூட்டருக்கும் விபூதி பூசிவிட்டு, "இன்னா பண்ணணும்னு சொல்லுங்க" என்று முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

கடையில் அவர் போட்டிருக்கும் சட்டங்கள் சில உண்டு. செருப்பு வெளியே. மாலையில் கடை அடைக்கும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் துவைத்த வேட்டித் துண்டால் போர்த்திவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: எழுத்து உள்ள காகிதத்தை மிதிக்கக் கூடாது, கசக்கக் கூடாது, அதன்மேல் எதையும் ஏற்றி வைக்கக் கூடாது. தப்பாக விழுந்த நகலில் பஜ்ஜி மடிக்கக் கேட்டு வந்த டீக்கடைக்காரருக்கு அவர் ஒரு தாள்கூடத் தந்தது கிடையாது. எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் சேரும். வருஷத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜை முடிந்ததும் அந்தப் பையை அவரே எடைக்காரரிடம் கொண்டுபோய், "அரைச்சுப் புதுக் காகிதம்தானே பண்றாங்க? பொட்டலம் மடிக்கக் குடுத்துடாதீங்க" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் கொடுப்பார்.

அந்தச் சட்டம்தான் போன மாசியில் அவரைப் பெரிய சங்கடத்தில் கொண்டுபோய் விட்டது.

மார்த்தா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எழுபத்திரண்டு வயது. அவர் ஊரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கார்த்திகையில் வந்து இறங்கினால் மாசியில் வெயில் ஏறும்வரை இங்கேயே அறை எடுத்துத் தங்குவார். பதினோரு வருஷப் பழக்கம். அவர் தமிழ் கற்றதோ தெருவில் காய்கறி விற்கும் கன்னியம்மாளிடம். அதனால் முதல் இரண்டு வருஷம் ஆசிரமத்துப் பெரியவர்களைக்கூட "இன்னாய்யா, சொத்தையா குடுக்கறே?" என்ற தோரணையில்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். மரியாதைத் தமிழுக்கு அவரைத் திருப்பியதில் ராணியம்மாளுக்குப் பங்கு உண்டு.

அந்த மார்த்தா ஒருநாள் கடைக்கு வந்து, "ராணி, எனக்கு ஒரு புஸ்தகம் தேடணும். என் கண்ணு போகுது" என்றார்.

கண்ணின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்து, அது வளர்ந்துகொண்டே வருகிறதாம். ஓரமாகப் பார்த்தால் தெரியும், நேராகப் பார்த்தால் மறையும். அடுத்த குளிர்காலத்தில் படிக்க முடியாது என்று அவர் ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை தன் கண்ணாலேயே பார்த்துப் படித்துவிட வேண்டும். அவ்வளவுதான் மார்த்தாவின் ஆசை.

எந்தப் புத்தகம்? எண்ணூறு வருஷத்துக்கு முன்னால், பனிமலைமேல் ஒரு மடத்தில், லத்தீன் பாஷையில் ஒரு துறவி கையால் எழுதியது. அந்தத் துறவிக்கும் கண் மங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் தான் பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நன்றி எழுதிவிட்டுக் கண்ணை மூடலாம் என்று உட்கார்ந்தார். ரொட்டிக்கு ஒரு பக்கம், கிணற்றுக்கு ஒரு பக்கம், தேனீக்கு, கழுதைக்கு, தன் கைத்தடிக்கு. கடைசிப் பக்கம் எழுதும்போது விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. ஆனாலும் அவர் எழுதி முடிக்கும்வரை அது எரிந்துகொண்டே இருந்ததாம். அந்தக் கடைசிப் பக்கம் விளக்குக்கு எழுதிய பக்கம் என்பது ஐதிகம். அதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. மார்த்தா சிறு பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் சொன்ன கதை.

ராணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கழுதைக்குமா எழுதினாரு?"

"ஆமா."

"அப்போ நல்ல மனுஷன். தேடிடலாம்."

தேடல் ஒன்றரை மாதம் நடந்தது. பார்ப்பது ராணியம்மாள் கண், படிப்பது மார்த்தா வாய். "சீப்பு, நாகம், ஆணி" என்று இவர் திரையைப் பார்த்து வரிசையாகச் சொல்லுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எழுத்தைச் சேர்த்து வார்த்தையாக்கி, "இல்ல ராணி, இது வேற. அடுத்தது" என்பார். விளக்குக்குக் கன்னியாஸ்திரீ சொல்லிக்கொடுத்திருந்த லத்தீன் வார்த்தையைத் தட்டினால், முதலில் வந்து விழுந்ததெல்லாம் விளக்குக் கடைகள். பிறகு ஒரு ஓட்டல். பிறகு அந்தப் பெயரில் ஏதோ ஒரு பாட்டுக் கோஷ்டி, எல்லாருக்கும் மூக்கில் வளையம். "இவுங்க துறவி இல்ல" என்று ராணியம்மாள் தாமே அதை மூடிவிட்டார்.

ராணியம்மாளின் வீட்டுக்காரர் இருசப்பன். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் வேன் ஓட்டுபவர். சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்.

"இன்னா மார்த்தாம்மா, எங்க வூட்டம்மா ஏணி, ஆணின்னு சொல்றத வெச்சி வேதம் படிக்கறீங்களே, நாளைக்கு அது புடவைக் கடைக் கணக்குன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"சும்மா போங்க. வண்டியில ஆளுங்க காத்துனு கீறாங்க" என்பார் ராணியம்மாள்.

"ஆளு இல்லம்மா, மூட்டைதான். அது ஒண்ணியும் கேக்காது."

முதலில் கிடைத்தது மொழிபெயர்ப்பு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாதிரியார் இங்கிலீஷில் செய்து அச்சிட்டதை, ஒரு பல்கலைக்கழகத்தார் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டபோது மார்த்தா கத்திய கத்தலில் வெளியே நின்ற ஆட்டோக்காரர் உள்ளே ஓடி வந்துவிட்டார். ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்றார் மார்த்தா. "அவர் கை எழுதினது பாக்கணும். ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப் பக்கம் அவர் கை."

கையெழுத்துப் பிரதி ஒரே இடத்தில் இல்லை. எண்பத்துநாலு பக்கம் ஒரு தேசத்து நூலகத்தில், ஏழு பக்கம் உதிரியாக இன்னொரு தேசத்தில். இரண்டு பேரும் படம் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கத்துக்கு அடுத்தது எது என்று படத்துக்குக் கீழே எண்ணும் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவது போல, அங்குலம் அங்குலமாக இறங்கும். எட்டு நாள் பிடித்தது. முதல் பக்கம் முழுசாக வந்து நின்றபோது ராணியம்மாள் எழுந்து நின்று கும்பிட்டார். அதில் முதல் எழுத்து உள்ளங்கை அகலம். இலையும் கொடியுமாகச் சுற்றிப் பொன் பூசியிருந்தது.

மார்த்தாவின் ஓரக்கண்ணுக்கும் தெரிய வேண்டுமே என்று தொண்ணூற்றொரு பக்கத்தையும் எண்ணை விட்டுப் படத்தை மட்டும் பெரிய தாளில் பெரிதாக்கி எடுத்தார் ராணியம்மாள். எண் அச்சான இங்கிலீஷ் தாள்களை முன்பே எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று. சனிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்தது. திங்கள் மதியம் மார்த்தாவுக்குக் கார் வருகிறது, ராத்திரி விமானம். நிதானமாக பைண்டிங் போட்டுக் கொடுக்கலாம் என்று தாள்களைக் கடைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். மெஷினிலிருந்து சூடாக வரும் தாள் சுருண்டுகொள்ளும். ஆறவிட்டுத்தான் துளை போட வேண்டும் என்பது அவர் வழக்கம். பன்னிரண்டு மணிக்கு வழக்கம் போல கரண்ட் போனது.

கேரியரோடு வந்த இருசப்பன் வாசலிலேயே நின்று பார்த்தார். "மேல ஒரு கல்லு கில்லு வெக்கறதுதானே ராணி?"

"இன்னா பேசறீங்க நீங்க! ஒரு துறவி கண்ணு போற நேரத்துல எழுதனது. அதும் மேல கல்லு வெப்பாங்களா?"

"பின்னாடியாவது பென்சில்ல நம்பரு போடு."

"அவரு போடாத நம்பர நான் போடறதா?"

இரண்டு மணிக்கு கரண்ட் வந்தது. சும்மா வரவில்லை, ஒரு உறுமலோடு வந்தது. கரண்ட் வந்துவிட்டதா என்று நடுவில் ஒருமுறை போட்டுப் பார்த்த மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தபடியே விட்டிருந்ததை ராணியம்மாள் மறந்துபோனார். தொண்ணூற்றொரு தாளும் கொக்குக் கூட்டம் போல எழும்பின. மேஜைக்கடியில், மெஷின் இடுக்கில், கதவைத் தாண்டி வராந்தாவில். அதே நேரத்தில் முதல் கம்ப்யூட்டரிலிருந்து டப்பென்று ஒரு சத்தமும் கொஞ்சம் புகையும். எட்டு நாள் இறக்கிய படம் எல்லாம் இருந்தது அதில்தான்.

மின்விசிறியை அணைக்கப் போக வேண்டும். தரையெல்லாம் எழுத்து. காலை எங்கே வைப்பது? ராணியம்மாள் ஒற்றைக்காலில் தாவித் தாவி, நடுவில் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தொங்கி, கடைசியில் துடைப்பக் கட்டையால் எட்டி சுவிட்சை அணைத்தார். ஒரு தாளைக்கூட மிதிக்கவில்லை. ஆனால் ஒரு தாளும் தன் இடத்தில் இல்லை.

வந்து பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுக்கா." மறுபடி இறக்க எட்டு நாள் வேண்டும். இருப்பதோ இரண்டு.

நாலு மணிக்கு மார்த்தா வந்தார். நடந்ததைக் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தார் ராணியம்மாள். கன்னியம்மாள் கற்றுக்கொடுத்த வசவெல்லாம் அவருக்குத் தெரியுமே. மார்த்தா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மேலாக இருந்த ஒரு தாளை எடுத்து, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். லத்தீன் அவருக்கும் தெரியாது. இது கிணறா, கழுதையா? தெரியவில்லை. எந்த இங்கிலீஷ் பக்கத்துக்கு எதிரே இதை வைப்பது?

"பரவால்ல ராணி" என்றார். தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த "பரவால்ல"தான் ராணியம்மாளைத் தூங்கவிடாமல் அடித்தது. ஞாயிறு விடிந்ததும் குளித்து, அண்ணாமலையார் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கடையைத் திறந்து பாதி ஷட்டரை இறக்கிவிட்டுத் தாள்களோடு உட்கார்ந்தார். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பார்க்கத் தெரியுமே. ஒவ்வொரு தாளாக எடுத்து, பத்திரம் பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தார். ஏழெட்டுத் தாள் பார்த்த பிறகு ஒரு விஷயம் உறுத்தியது. ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்தெல்லாம் முடிந்த பிறகு, வலது கைப் பக்கக் கீழ் மூலையில், தனியாக ஒரே ஒரு சின்ன வார்த்தை. ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் குழந்தை மாதிரி.

ஒரு தாளின் அடியில் இருந்த வார்த்தை: குச்சி, மேடு, நாகம், ஆணி. எங்கேயோ பார்த்த முகம். தேடினார். மெஷின் பக்கத்தில் கிடந்த வேறொரு தாளின் தொடக்கத்தில் அதே குச்சி, அதே மேடு, அதே நாகம், அதே ஆணி.

ராணியம்மாள் இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடி அண்ணாமலைக் கோயிலில் பாடும் பெண்கள் கூட்டத்தில் ராணியம்மாளும் ஒருவர். அம்மன்மேல் நூறு பாட்டு, அந்தாதி. அவர் அதைப் புத்தகம் பார்த்துக் கற்றவர் இல்லை. காதால் கேட்டு வாயால் பிடித்தவர். ஒரு பாட்டு எந்த வார்த்தையில் முடிகிறதோ அதே வார்த்தையில் அடுத்த பாட்டு ஆரம்பிக்கும். அதனால்தான் நூறும் நெஞ்சில் வரிசை மாறாமல் நிற்கிறது.

மார்த்தா வந்ததும் வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துவந்தார். "மார்த்தாம்மா, இந்தச் சாமியாரு அந்தாதி பாடிக்கீறாரு!"

"என்ன பாதி?"

"பாதி இல்ல. வால். ஒரு பக்கத்தோட வாலப் புடிச்சா அடுத்த பக்கத்தோட தல வந்துடும். கண்ணு தெரியாதவரு இல்லியா? நாளைக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு மறக்காம இருக்க அடியில எழுதி வெச்சிக்கினாரு. பாருங்க, பாருங்க."

மார்த்தா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அடியையும் பார்த்தார், தலையையும் பார்த்தார். பிறகு புடவையே கட்டாத அந்த அம்மாள், கட்டியவரைப் போலக் கவுனை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொடி சுற்றிய பெரிய எழுத்துள்ள தாளை முதலில் வைத்தார்கள். அதன் வாலுக்குத் தலை தேடினார்கள். மின்விசிறி போடப் பயம். இருவருக்கும் வியர்வை ஆறாக ஓடியது. ஆனாலும் வராந்தாக் காற்றுக்குத் தாள் ஓரம் படபடத்தது. கல் வைக்க ராணியம்மாள் இப்போதும் சம்மதிக்கவில்லை. கேரியரோடு வந்த இருசப்பன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு வேனுக்குப் போய், ஒரு சின்ன மூட்டையைத் தூக்கிவந்து தொப்பென்று இறக்கினார். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை, தோலோடு இருக்கும் நிலக்கடலை.

"கல்லு வெச்சாதானே பாவம்? இத வெய்யி. சாமிக்கே படைக்கறது."

ராணியம்மாள் யோசித்தார். பூமியில் விளைந்தது, கழுவினது, பிரசாதத்துக்கு ஆகும். "வெக்கலாம்" என்று தீர்ப்பு ஆனது. ஒவ்வொரு தாளின் நெற்றியிலும் ஒரு கைப்பிடி மல்லாட்டை. அந்தக் கடையில் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் ராணியம்மாளுக்குச் சிரிப்பு வரும். பனிமலைத் துறவியின் புத்தகம் மல்லாட்டைக் களம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. மார்த்தா தேடுகிற மும்முரத்தில் கைக்கு எட்டியதை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மார்த்தாம்மா, பாரத்தத் துன்னாதீங்க! தேனீ பறந்துடப் போவுது" என்றார் இருசப்பன்.

எல்லாம் சுலபமாக முடியவில்லை. இரண்டே எழுத்துள்ள ஒரு வார்த்தை, பதினோரு பக்கத்துக்குத் தலையாக இருந்தது. 'மேலும்' என்ற மாதிரியான வார்த்தையாக இருக்கும் என்றார் மார்த்தா. எந்த வாலுக்கு எந்தத் தலை? அங்கே ராணியம்மாளின் பத்திர அனுபவம் கைகொடுத்தது. பழைய பத்திரத்தில் ராமபாணப் பூச்சி துளைத்தால் ஒரு தாளோடு நிற்காது. ஒரே இடத்தில் பத்துத் தாளையும் துளைத்துக்கொண்டு போகும். போகப் போக ஓட்டை சிறுத்துக்கொண்டே வரும். தாள்களைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். படத்தில்கூட அந்த ஓட்டைகள் கறுப்புப் புள்ளிகளாக விழுந்திருந்தன. மிளகளவு, கடுகளவு, எள்ளளவு. அந்த வரிசையில் பதினொன்றும் தத்தம் இடத்துக்குப் போயின.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொண்ணூற்றொன்றாவது தாள் உட்கார்ந்தது. மார்த்தா எண்ணிப் பார்த்தார். இங்கிலீஷிலும் தொண்ணூற்றொன்று. முதலுக்கு முதல், முடிவுக்கு முடிவு.

ஆனால் ராணியம்மாள் எழுந்திருக்கவில்லை. கடைசித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கும் வால் கீதே மார்த்தாம்மா. வால் இருந்தா தல இருக்கணுமே."

மார்த்தா முகம் வாடியது. இங்கிலீஷ் புத்தகத்தின் கடைசியில் பாதிரியார் எழுதிய குறிப்பைக் கண்ணாடி வைத்துத் தடவித் தடவிப் படித்துச் சொன்னார். "இந்தப் பக்கத்தின் அடியில் 'விளக்கு' என்று எழுதியிருக்கிறது. ஆகவே அடுத்தது விளக்கைப் பற்றிய பக்கம். அது தொலைந்துபோயிற்று." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அதான் ராணி. எல்லாரும் தேடறாங்க. கடைசிப் பக்கம் இல்ல."

ராணியம்மாள் அந்தச் சின்ன வார்த்தையை விரலால் தொடாமல் காற்றில் எழுதிப் பார்த்தார். குச்சி, குவளை, பிறை, சீப்பு... பிறகு முழங்காலால் நகர்ந்து நகர்ந்து, வரிசையின் மறுமுனைக்குப் போனார். முதல் தாளின் நெற்றியிலிருந்த மல்லாட்டையை ஒதுக்கினார். இலையும் கொடியுமாகப் பின்னிய அந்தப் பெரிய எழுத்தைக் கோலத்தில் ஒரு இழை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்ப்பது போலப் பார்த்தார். கொடியை நீக்கினால் உள்ளே ஒரு குச்சி. பக்கத்தில் குவளை. பிறை. சீப்பு.

"தொலையல மார்த்தாம்மா" என்றார். "இங்கதான் கீது. எங்க அந்தாதியிலயும் அப்பிடித்தான். நூறாவது பாட்டு எந்த வார்த்தையில முடியுதோ, அதான் மொதப் பாட்டோட மொத வார்த்தை. முடிஞ்சிதுன்னு எழுந்துடக் கூடாது. திருப்பி ஆரம்பிக்கணும்."

மார்த்தா இங்கிலீஷ் புத்தகத்தின் முதல் பக்கத்தை எடுத்தார். கன்னியம்மாளிடம் கற்ற தமிழில் மெல்லப் படித்துச் சொன்னார். "விளக்கே, எண்ணெய் இருக்கற வரைக்கும் நீ, கண்ணு இருக்கற வரைக்கும் நான். வா, எழுதலாம்."

பிறகு மார்த்தா சிரிக்க ஆரம்பித்தார். "எத்தன பேர் தேடினாங்க ராணி! எத்தன வருஷம்!"

"நீங்க பதினோரு வருஷமா மலைய சுத்தறீங்க. கடைசி லிங்கத்தத் தாண்டி அடுத்தது எங்கன்னு யாராவது கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"ராணி, நீ பெரிய ஆளு" என்றார் மார்த்தா.

"பெரிய ஆளு இல்லீங்க, நேத்து எல்லாத்தியும் பறக்க வுட்ட ஆளு" என்றார் இருசப்பன். மூட்டையில் பாதி காலியாகியிருந்ததையும் சொல்லிக் காட்டினார்.

இந்தச் சேதியை அந்த நூலகத்தாருக்கு எழுதப் போவதாக மார்த்தா சொன்னார். எழுதினாரோ, அவர்கள் என்ன சொன்னார்களோ, ராணியம்மாள் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் கவலை பைண்டிங்கில்தான் இருந்தது.

திங்கள் காலை முழுதும் துளை போட்டார். ஒரு கைத் தாள், எதிரே ஒரு இங்கிலீஷ் தாள் என்று கோத்தார். முன்னால் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், பின்னால் கெட்டி நீல அட்டை. கருப்பு ஸ்பைரல் கம்பியைத் திருகி ஏற்றினார். கடை வாசலில் கார் வந்து நின்றது. மார்த்தா பையோடு இறங்கிவந்து இரண்டு கையையும் நீட்டினார்.

ராணியம்மாள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. கடைசித் தாளைப் புரட்டினார். அதற்கப்புறம் நீல அட்டை. அட்டையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் நின்றார்.

"நேரம் ஆவுது ராணி" என்றார் வெளியிலிருந்து இருசப்பன்.

ராணியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏற்றிய கம்பியைத் திருகித் திருகி முழுதும் வெளியே எடுத்தார். நீல அட்டையை உருவினார். முன்னாலிருந்த பிளாஸ்டிக்கையும் உருவினார். வெறும் தாள்களை மட்டும் சேர்த்துத் தட்டிக் கம்பியை மறுபடி ஏற்றி முனையை மடக்கினார். பிறகு கடைசித் தாளைப் புரட்டினார். அது கம்பியோடு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக, தடுக்க அட்டை இல்லாமல், முதல் தாள் மேலே வந்து நின்றது. மார்த்தாவின் வலது கைச் சுட்டுவிரலைப் பிடித்து, அந்தக் கொடி சுற்றிய எழுத்தின்மேல் வைத்தார்.